உச்சத்தில் விலகுவதுதான் அழகா?



கொஞ்சம் நீண்ட பதிவு. விளையாட்டில் ஈடுபாடு இல்லாதவர்களும் நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வயது எல்லோருக்கும் வருகிறது.

விளையாட்டு வீரர் ஒருவர் முப்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டால் நாம் எல்லோரும் சொல்லும் ஒரு வசனம் இருக்கிறது. "நல்லா இருக்கும்போதே விலகியிருக்கணும்." கிரிக்கெட்டில் சொல்கிறோம், உதைபந்தாட்டத்தில் சொல்கிறோம். இப்போது எங்கள் மாணவர்கள் போனில் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு லெப்ரோன் ஜேம்ஸைப் பற்றியும் அதையே சொல்கிறார்கள். "கிழவன் சேர், வீட்டுக்குப் போகச் சொல்லுங்க." லெப்ரோன் 1984 டிசம்பர் 30ஆம் திகதி பிறந்தவர். முப்பதுகளில் இருக்கும் எங்களைவிடச் சில வயதுதான் மூத்தவர். எங்களையோ கூட்டங்களில் இன்னும் "இளம் ஆசிரியர்கள்" என்றுதான் அழைக்கிறார்கள்!

இந்த வசனத்தோடு நமக்கு உடன்பாடு இல்லை. உச்சத்தில் இருக்கும்போதே விலகிவிட வேண்டும் என்பது கேட்பதற்கு அழகான பேச்சு. அதன் உள்ளே இன்னொரு கருத்து ஒளிந்திருக்கிறது. முன்புபோல் செய்ய முடியாத மனிதனுக்கு இங்கே இடமில்லை என்பதுதான் அது. அதைப் பிள்ளைகள் பதினைந்து வயதில் பழகிக்கொண்டால் நாளை வீட்டில் வாப்பாவையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

எப்போது விலகினார் என்று கேட்பதைவிட, இறங்கிய அந்த ஆண்டுகளில் என்ன செய்தார் என்று கேட்பதே நியாயம். கூடைப்பந்தாட்டத்தின் பெரிய நட்சத்திரங்கள் சிலரை எடுத்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். ஒரே வயது, ஒரே ஆட்டம், ஒரே அளவு புகழ். ஆனால் இறங்கிய விதம் ஆளுக்கு ஆள் வேறு.

*

முதலில் உடலைப் பற்றி.

என்.பி.ஏ.யில் ஒரு போட்டி 48 நிமிடம். வழமையான பருவத்தில் ஓர் அணிக்கு 82 போட்டிகள். அதன் பிறகு தகுதி பெறும் அணிகளுக்கு பிளேஓஃப் சுற்றுகள், ஒவ்வொரு சுற்றிலும் ஏழு போட்டிகள் வரை. பலகைத் தரையில் ஓடி, சடுதியாக நின்று, குதித்து, இறங்கி, மீண்டும் ஓட வேண்டும். இன்று இரவு ஒரு நகரம், நாளை இரவு இன்னொரு நகரம் என்றும் வரும்.

வயது ஏற ஏற முதலில் குறைவது குதிக்கும் வலு. அடுத்து பக்கவாட்டில் நகரும் வேகம். அடுத்தது நாம் கவனிக்காத ஒன்று. நேற்றைய களைப்பு இன்று காலைக்குள் தீராமல் போவது. இருபத்திரண்டு வயதில் ஓர் இரவுத் தூக்கத்தில் தீர்ந்தது முப்பத்தாறில் மூன்று நாள் எடுக்கும்.

ஆனால் எல்லாம் போய்விடுவதில்லை. உயரம் அப்படியே இருக்கும். கையின் குறி நீண்ட காலம் இருக்கும். எதிரணி எந்தப் பக்கம் ஓடப் போகிறது, பந்து எங்கே வந்து விழும் என்று முன்கூட்டியே அறியும் கண் வயதோடு இன்னும் கூர்மையாகும். ஆகவே மூத்த வீரரின் முன்னால் உள்ள பரீட்சை இதுதான்: போனதைத் தேடிக்கொண்டே இருப்பதா, இருப்பதை வைத்து ஆட்டத்தை மாற்றிக் கட்டுவதா?

*

ஒப்பிட்டுப் பார்க்க கோபி பிரயன்ட், டிம் டங்கன் இருவரையும்விடப் பொருத்தமானவர்கள் கிடைக்கமாட்டார்கள். கோபி 1996இல் வந்தார், டங்கன் 1997இல் வந்தார். இருவரும் 2016இல் ஓய்வு பெற்றார்கள். இருவரும் ஐந்து தடவை சம்பியன். இருவரும் கடைசி வரை ஒரே அணியில் ஆடியவர்கள். கோபிக்கு லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ், டங்கனுக்கு சான் அன்டோனியோ ஸ்பர்ஸ்.

கோபியின் இறக்கம் ஒரே இரவில் தொடங்கியது. 2013 ஏப்ரல். அவருக்கு 34 வயது. அணி பிளேஓஃபுக்குள் நுழைய முட்டி மோதிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 10ஆம் திகதி போர்ட்லாந்துக்கு எதிராக 48 நிமிடமும் வெளியே வராமல் ஆடி 47 புள்ளி எடுத்தார். இரண்டே நாள் கழித்து, கோல்டன் ஸ்டேட் அணிக்கு எதிராக ஆடும்போது குதிகாலுக்கு மேலுள்ள பெரிய தசைநாண் அறுந்தது. அந்தக் காலோடு நடந்து போய் இரண்டு பிரீ த்ரோவையும் கூடைக்குள் போட்டுவிட்டுத்தான் வெளியேறினார். அதைப் பார்த்தவர்கள் யாரும் அவரது மன உறுதியைப் பற்றிக் குறை சொல்ல முடியாது.

பிறகு நடந்தது வேறு கதை. அவர் மீண்டும் களத்தில் இறங்குவதற்கு முன்னரே அணி அவருக்கு இரண்டு ஆண்டுக்கு 4 கோடி 85 இலட்சம் டொலர் ஒப்பந்தம் கொடுத்தது. திரும்பி வந்து ஆறு போட்டிதான் ஆடினார், முழங்கால் எலும்பு வெடித்தது. அடுத்த பருவத்தில் தோள்பட்டை போனது. கடைசிப் பருவமான 2015-16இல் அவர் எறிந்த பந்துகளில் கூடைக்குள் போனது 35.8 சதவீதம் மட்டுமே. அப்படியிருந்தும் அணியில் ஆகக் கூடுதலாக எறிந்தவர் அவர்தான். இருபது வயதில் எறிந்த அதே கடினமான எறிகளை, ஆள் முன்னால் நிற்கும்போதே எறியும் எறிகளை, முப்பத்தேழிலும் எறிந்தார். அந்தப் பருவத்தில் லேக்கர்ஸ் 17 வெற்றி, 65 தோல்வி. அந்த அணியின் வரலாற்றிலேயே ஆக மோசமான பருவம் அது.

கடைசிப் போட்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2016 ஏப்ரல் 13. யூட்டா அணிக்கு எதிராக 60 புள்ளி. ஐம்பது தடவை எறிந்து எடுத்த அறுபது. அணியும் வென்றது. மறக்க முடியாத இரவுதான். ஆனால் ஓர் இரவுக்கு முன்னால் மூன்று பருவங்கள் இருக்கின்றன. அந்த மூன்று பருவங்களில் அணியின் பணமும் பந்தும் நேரமும் ஒரே மனிதரைச் சுற்றித்தான் ஓடின.

இனி டங்கன்.

டங்கன் கரிபியன் தீவான சென்ட் குரோய்யில் நீச்சல் வீரராக வளர்ந்தவர். 1989இல் ஹியூகோ சூறாவளி அங்கிருந்த நீச்சல் தடாகத்தை அழித்த பிறகுதான் கூடைப்பந்துக்கு வந்தார். ஆரவாரமே இல்லாத மனிதர். 2001-02 பருவத்தில் ஒரு போட்டிக்கு ஏறத்தாழ 40 நிமிடம் ஆடி 25.5 புள்ளி எடுத்தவர், 2013-14இல் 29 நிமிடம் ஆடி 15 புள்ளி எடுத்தார். பாரத்தை டோனி பார்க்கரும் மனு ஜினோபிலியும், பிறகு இளைஞரான கவாய் லெனார்டும் சுமந்தார்கள். டங்கன் உடல் எடையைக் குறைத்து முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டார். குதிக்க முடியாத இடத்தில் சரியான இடத்தில் நிற்கக் கற்றிருந்தார்.

பயிற்றுவிப்பாளர் கிரெக் பொப்பொவிச் அவரை வேண்டுமென்றே சில போட்டிகளில் ஆட விடமாட்டார். 2012 மார்ச்சில் ஒரு போட்டிக்கான பதிவில், டங்கன் ஏன் ஆடவில்லை என்ற இடத்தில் காயம் என்று எழுதாமல் "வயதாகிவிட்டது" என்ற பொருளில் ஒரே சொல்லை எழுதி வைத்தார்கள். பகிடிதான். அப்படி ஒரு பகிடியைத் தாங்கிக்கொள்ளும் மனம் எத்தனை நட்சத்திரங்களுக்கு இருக்கும்?

அதே 2012இல் புதிய ஒப்பந்தம். ஆண்டுக்கு இரண்டு கோடி டொலருக்கு மேல் வாங்கியவர் அதில் ஏறத்தாழ பாதிக்கு கையொப்பமிட்டார். என்.பி.ஏ.யில் அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. ஒருவர் குறைத்து வாங்கினால் அந்தப் பணத்தில் இன்னொருவரை வைத்திருக்கலாம். 2013 இறுதிப் போட்டித் தொடரின் ஏழாவது போட்டியில், கடைசி நிமிடத்தில், கூடைக்குப் பக்கத்தில் இருந்து எறிந்த பந்தைத் தவறவிட்டார் டங்கன். தரையில் அடித்துக்கொண்டார். 37 வயது. "இத்தோடு முடிந்தது" என்று சொல்ல எல்லோருக்கும் காரணம் இருந்தது. அடுத்த ஆண்டு அதே மியாமி அணியை 4-1 என்று வென்றார்கள். அந்தப் பருவத்தில் ஸ்பர்ஸ் அணியில் ஒரு வீரர்கூட சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. எல்லோரும் பங்கு போட்டார்கள். இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது 22 வயது லெனார்டுக்குப் போனது.

டங்கனின் கடைசிப் பருவத்தில் அவரது சராசரி 8.6 புள்ளி. கோபியின் சராசரியில் பாதிகூட இல்லை. அணியோ 67 வெற்றி, 15 தோல்வி. ஓய்வை அறிவிக்க விழாவும் வைக்கவில்லை, ஊடகச் சந்திப்பும் வைக்கவில்லை. அணி ஓர் அறிக்கை விட்டது, அவ்வளவுதான்.

புள்ளியை மட்டும் பார்த்தால் கோபி நன்றாக முடித்தார், டங்கன் மங்கிப் போனார் என்று சொல்லலாம். கணக்கின் மறு பக்கத்தைப் பார்த்தால் 17க்கும் 67க்கும் இடையே உள்ள தூரம் தெரியும்.

நியாயமாகவும் பேச வேண்டும். கோபியின் தசைநாண் அறுந்தது அவருடைய குற்றமல்ல. ஒப்பந்தத்தை நீட்டியது அணி நிர்வாகம். டங்கனுக்குப் பக்கத்தில் நல்ல சகாக்களும், பொறுமையான பயிற்றுவிப்பாளரும் இருந்தார்கள். கோபிக்கு அந்த ஆண்டுகளில் அது அமையவில்லை. மூத்தவர் எப்படி இறங்குகிறார் என்பது அவர் கையில் மட்டும் இல்லை, அவரைச் சுற்றி இருப்பவர்கள் கையிலும் இருக்கிறது. இதைக் கடைசியில் மீண்டும் பேசுவோம்.

*

"உச்சத்தில் விலகு" என்ற பேச்சுக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் மைக்கல் ஜோர்டன். 1998இல் ஆறாவது சம்பியன் பட்டத்தை வென்று தந்த கடைசி எறி. அத்தோடு விலகினார். அதைவிட அழகான முடிவு இல்லை என்றார்கள். பிறகு 2001இல் 38 வயதில் வொஷிங்டன் விசார்ட்ஸ் அணிக்குத் திரும்பி வந்தபோது, அந்த அழகைக் கெடுத்துவிட்டார் என்றார்கள்.

உண்மையில் கெட்டது என்ன? முதல் ஆண்டில் சராசரி 22.9 புள்ளி, இரண்டாம் ஆண்டில் 20. நாற்பது வயதான பருவத்தில் 82 போட்டியிலும் ஆடினார். 2003 பெப்ரவரியில், நாற்பது வயது நிறைந்து நான்கே நாளில், 43 புள்ளி எடுத்தார். முதல் பருவத்தின் சம்பளத்தைச் செப்டம்பர் 11 தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்தார். இரண்டு பருவமும் அணி 37 வெற்றி, 45 தோல்வி, பிளேஓஃபுக்குப் போகவில்லை. வெற்றி என்று சொல்ல முடியாதுதான். ஆனால் 1998இன் அந்த எறியை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லையே. அது அப்படியே இருக்கிறது. பின்னால் வந்த தோல்வி முன்னால் கிடைத்த வெற்றியை அழிக்கும் என்பது பார்க்கிற நமக்குள் இருக்கும் எண்ணம் மட்டுமே.

*

நம் எல்லோருக்கும் தெரிந்த பெயர் கரீம் அப்துல் ஜப்பார். அல்சிண்டர் என்ற பெயரில் ஆடத் தொடங்கி, இஸ்லாத்தை ஏற்று, 1971இல் மில்வோக்கி அணியோடு சம்பியனான பிறகு பகிரங்கமாகப் பெயரை மாற்றிக்கொண்டவர். இறங்கும் காலத்தை எப்படி நடத்துவது என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நாம் இவரைக் காட்டுவோம்.

1985 இறுதித் தொடர். லேக்கர்ஸும் பொஸ்டனும். கரீமுக்கு 38 வயது. முதல் போட்டியில் பொஸ்டன் 148, லேக்கர்ஸ் 114. கரீம் 12 புள்ளி, 3 ரீபவுண்ட். அவரைவிட ஆறு வயது இளையவரான ரொபட் பரிஷ் அவரைத் தாண்டித் தாண்டி ஓடினார். கரீம் முடிந்தார் என்று எல்லோரும் எழுதினார்கள். அவர் என்ன செய்தார்? அந்தப் போட்டியின் பதிவைப் போட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பயிற்சியில் இளைஞர்களோடு சேர்ந்து ஓடினார். இரண்டாவது போட்டியில் 30 புள்ளி, 17 ரீபவுண்ட், 8 அசிஸ்ட். தொடரை லேக்கர்ஸ் 4-2 என்று வென்றது. இறுதித் தொடரில் லேக்கர்ஸ் பொஸ்டனை வென்றது அதுவே முதல் தடவை. சிறந்த வீரர் விருது கரீமுக்கு.

அவரைக் காப்பாற்றியது ஸ்கை ஹூக் என்ற எறி. கையை முழுதாக மேலே நீட்டி, தலைக்கு மேலால் வளைத்து விடும் எறி. அதற்கு உயரமும் கைப்பழக்கமும்தான் வேண்டும், பெரிதாகக் குதிக்கத் தேவையில்லை. இளமையில் பழகிய ஒரு தொழில் முதுமையில் சோறு போட்டது. உடலை வளைந்து கொடுக்கும் நிலையில் வைத்திருக்க யோகாப் பயிற்சியும் செய்தார்.

இதைவிட முக்கியம் அடுத்து நடந்தது. 1986-87 பருவத்தில் அணியின் தாக்குதலை கரீமைச் சுற்றி அமைப்பதை விட்டு, மெஜிக் ஜோன்சனைச் சுற்றி அமைத்தார்கள். அந்தப் பருவத்தில் மெஜிக்கின் சராசரி 23.9 புள்ளி, கரீமுக்கு 17.5. லீக்கின் சிறந்த வீரர் விருதை மெஜிக் முதன்முறையாக வென்றார். அணி 1987, 1988 இரண்டு ஆண்டும் சம்பியன். லீக் வரலாற்றில் ஆகக் கூடுதல் புள்ளி எடுத்த மனிதர் இரண்டாம் ஆளாக நின்று, பிறகு மூன்றாம் ஆளாக நின்று, இரண்டு கிண்ணம் சேர்த்தார். 1989இல் 42 வயதில் விலகியபோது அவரது சராசரி 10 புள்ளி. மொத்தம் 38,387.

அந்த எண்ணிக்கை 34 ஆண்டு நின்றது. 2023 பெப்ரவரி 7ஆம் திகதி லெப்ரோன் அதைத் தாண்டியபோது கரீம் மைதானத்துக்கு வந்து, பந்தைத் தன் கையால் அவரிடம் கொடுத்தார். தன்னை முந்தியவனுக்குத் தன் கையாலேயே கொடுப்பது எல்லோராலும் முடிகிற காரியமல்ல.

இன்னொருவர் ஹக்கீம் ஒலாஜுவான். நைஜீரியாவின் லாகோஸில் பிறந்தவர். ஹூஸ்டன் அணிக்கு 1994, 1995 சம்பியன் பட்டங்களைக் கொண்டுவந்தவர். ரமழானில் நோன்பு பிடித்துக்கொண்டே ஆடி, 1995 பெப்ரவரியில் அந்த மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானவர். அவருடைய கடைசிப் பருவம் டொரன்டோவில். சராசரி 7.1 புள்ளி. முதுகு வலி. 2002இல் ஓய்வு. முடிவு அழகாக இருந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவருடைய கால் அசைவுகளைக் கற்றுக்கொள்ள 2009இல் கோபி அவரிடம் போனார். 2011இல் லெப்ரோன் போனார். அதற்கடுத்த ஆண்டு லெப்ரோன் முதல் தடவையாகச் சம்பியனானார். உடல் ஆட முடியாமல் போன பிறகும் தெரிந்த வித்தை அப்படியே இருந்தது, கேட்டு வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனிச் சந்தோஷம்.

*

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அலன் ஐவர்சன் ஆறடி உயரம். உயரமானவர்களின் ஆட்டத்தில் 2001இல் லீக்கின் சிறந்த வீரரானவர். ஏழைப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அவர்தான் நாயகன். அவருடைய ஆட்டம் முழுதும் வேகத்தில் நின்றது. வேகம் குறைந்தபோது பயிற்றுவிப்பாளர்கள் அவரை வாங்கில் இருந்து தொடங்கச் சொன்னார்கள். அவர் ஏற்கவில்லை. 2009இல் மெம்பிஸ் அணியில் மூன்றே போட்டி ஆடிவிட்டு விலகினார். பழைய அணியான பிலடெல்பியாவுக்குத் திரும்பி, 2010 பெப்ரவரியில் 34 வயதில் என்.பி.ஏ.யில் கடைசிப் போட்டியை ஆடினார். பிறகு துருக்கியில் பெஷிக்டாஸ் கழகத்துக்காகச் சில காலம்.

அதே இடத்துக்கு கார்மெலோ அந்தனியும் வந்தார். அவரும் பெரிய நட்சத்திரம். 2017இல் வாங்கில் இருந்து ஆடுவீர்களா என்று கேட்டபோது சிரித்துவிட்டார். அடுத்த ஆண்டு ஹூஸ்டனில் பத்துப் போட்டியோடு அவரை ஒதுக்கினார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் எந்த அணியும் அழைக்கவில்லை. 2019 நவம்பரில் போர்ட்லாந்து அழைத்தது. அடுத்த பருவத்தில் வாங்கில் இருந்து எழுந்து வந்து ஆடி ஒரு போட்டிக்கு 13 புள்ளி எடுத்தார். சிரித்த மனிதர் அதே வேலையைச் செய்தார், நன்றாகவும் செய்தார்.

இருவருக்கும் வயது ஏறக்குறைய ஒன்று. ஒருவர் "நான் யார் தெரியுமா" என்று கேட்டு வெளியே நின்றார். மற்றவர் ஒரு வருடம் வெளியே நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். ஐவர்சனை இகழ்வதற்கு இதைச் சொல்லவில்லை. சின்ன வயதில் அவரைக் காப்பாற்றியதே யாருக்கும் தலை குனியாத அந்தப் பிடிவாதம்தான். நம்மை மேலே கொண்டுவந்த குணமே சில வேளை நம்மைக் கீழே இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இது விளையாட்டு வீரருக்கு மட்டும் நடப்பதா?

வின்ஸ் கார்ட்டரைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு டங்க் போட்டியில் உலகமே வாய் பிளந்து பார்த்தவர். அந்த ஆண்டுகளில் ஒரு பருவம் சராசரி 27.6 புள்ளி. அப்படிக் குதித்தவன் குதிக்க முடியாமல் போனால் என்ன மிச்சம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் தூரத்தில் இருந்து எறிவதைப் பெருக்கிக்கொண்டார். வாங்கில் இருந்து ஆடினார். கடைசிப் பருவங்களில் சக்ரமென்டோ, அட்லாண்டா போன்ற இளம் அணிகளுக்குப் போய், தன் பிள்ளை வயதுப் பையன்களோடு ஆடினார். மொத்தம் 22 பருவங்கள், எட்டு அணிகள். கடைசிச் சராசரி 5 புள்ளி. ஒரு சம்பியன் பட்டமும் இல்லை. 2020 மார்ச் 11ஆம் திகதி கொவிட்டால் லீக்கை நிறுத்திய அந்த இரவில்தான் அவரது கடைசிப் போட்டி. கடைசி விநாடிகளில் அவரைக் களத்துக்கு அனுப்பினார்கள். தூரத்தில் இருந்து எறிந்தார், விழுந்தது. தோற்ற அணியின் வீரர்கள் சம்பியனானது போல் துள்ளினார்கள். பட்டம் இல்லாமலும் ஒரு மனிதர் இவ்வளவு நேசிக்கப்படலாம்.

*

இனி லெப்ரோன். நம் மாணவர்கள் "கிழவன்" என்று சொல்லும் ஆள். முதல் பருவத்தில் தூர எறிகளில் 29 சதவீதம் மட்டுமே போட்டவர், 39 வயதில், 2023-24 பருவத்தில், 41 சதவீதம் போட்டார். இருபது ஆண்டு கழித்தும் புதிதாக ஒன்றைக் கற்றிருக்கிறார். 2024 ஒக்டோபரில் தன் சொந்த மகனோடு ஒரே அணியில் களத்தில் நின்றார்.

ஆனால் நமக்குப் பிடித்த காட்சி வேறு. 2007 தொடக்கம் அவர் ஆடிய ஒவ்வொரு வழமையான பருவப் போட்டியிலும் பத்துப் புள்ளியாவது எடுத்து வந்தார். தொடர்ச்சியாக 1,297 போட்டிகள். 2025 டிசம்பரில் டொரன்டோவில் ஒரு போட்டி. சமநிலை. கடைசி விநாடிகள். பந்து லெப்ரோன் கையில், அவருடைய கணக்கில் எட்டுப் புள்ளி. ஓர் எறி போட்டிருந்தால் வெற்றியும் கிடைத்திருக்கும், தொடரும் நீடித்திருக்கும். அவர் மூலையில் தனியாக நின்ற ருய் ஹச்சிமுராவுக்குப் பந்தைக் கொடுத்தார். ஹச்சிமுரா போட்டார். அணி வென்றது. பதினெட்டு ஆண்டுச் சாதனை அங்கே நின்றது.

"அவர் முடிந்துவிட்டார்" என்பதற்கு அந்த எட்டுப் புள்ளியைச் சிலர் ஆதாரமாகக் காட்டலாம். நாம் அந்தப் பந்தைக் கொடுத்த கையைக் காட்டுவோம்.

*

இவ்வளவையும் பார்த்துவிட்டு நமக்குத் தோன்றுவது இதுதான்.

உச்சத்தில் விலகியவரைப் புகழலாம், அது அவர் தெரிவு. ஆனால் இறங்கிக்கொண்டே ஆடியவரை இழிவாகப் பேச நமக்கு உரிமை இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். குறைந்து போனதற்கு ஏற்பத் தன் வேலையை மாற்றிக்கொண்டாரா? தனக்குப் பின்னால் வருபவனுக்கு இடம் விட்டாரா? கரீமும் டங்கனும் கார்ட்டரும் இந்த இரண்டிலும் சித்தி. கோபி முதல் கேள்வியில் தடுக்கினார், ஆனாலும் அவரை நேசிக்காமல் இருக்க முடியாது. ஜோர்டன் தோற்றார், தோற்றதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அதுவும் நியாயமானதே. "மூத்தவர் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தால் இளையவர் எப்போது ஆடுவது?" சரி. அதனால்தான் இரண்டாவது கேள்வி முக்கியம். இடத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பது வேறு, சின்ன இடத்துக்கு நகர்ந்து அங்கே பயன்படுவது வேறு. டங்கன் 2014இல் களத்தில்தான் இருந்தார். லெனார்டும் அதே களத்தில்தான் வளர்ந்தார். மூத்தவர் இருப்பதும் இளையவர் வளர்வதும் ஒன்றையொன்று வெட்ட வேண்டியதில்லை.

அதோடு, முன்னர் சொன்னது போல, பாதிப் பொறுப்பு சுற்றி இருப்பவர்களுடையது. டங்கனை நேரத்துக்கு ஓய்வெடுக்க வைத்த ஒரு பொப்பொவிச் இருந்தார். பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒரு மெஜிக் இருந்தார். மூத்தவர் ஒருவரை "எல்லாம் நீங்களே" என்று முதுகில் ஏற்றிக்கொண்டு திரிவதும் மரியாதை ஆகாது, "போதும், போங்கள்" என்று ஒரே நாளில் ஒதுக்குவதும் மரியாதை ஆகாது. இரண்டுக்கும் நடுவில் "இதை நீங்கள் செய்யுங்கள், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு வழி இருக்கிறது. நம் விளையாட்டுக் கழகங்களில், நிர்வாக சபைகளில், வீடுகளில் அந்த நடுவழியைத்தான் நாம் அடிக்கடி தவறவிடுகிறோம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. யூடியூபில் கோபியின் அறுபது புள்ளியைப் பார்த்தவர்கள், 1985 இறுதித் தொடரின் இரண்டாவது போட்டியையும் தேடிப் பாருங்கள். 38 வயது கரீம் எங்கே நிற்கிறார், எப்போது ஓடுகிறார், எப்போது ஓடாமல் இருக்கிறார் என்று கவனியுங்கள். 2014 இறுதித் தொடரில் டங்கன் பந்து இல்லாதபோது என்ன செய்கிறார் என்று பாருங்கள். பார்த்த பிறகும் "கிழவன்" என்று சொல்லத் தோன்றினால் வந்து சொல்லுங்கள், கதைப்போம்.

பெரியவர்கள் உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். குறிப்பாக, உங்கள் தொழிலில் வேலையை மாற்றிக்கொண்டு தொடர்ந்து பயன்பட்ட மூத்தவர் ஒருவரைத் தெரிந்திருந்தால், பெயர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்.